கண்வளர்த்தியும் அதன் பொய்த் தங்கைகளும்

வெகு காலத்துக்கு முன்னாலே, மலைகள் எல்லாம் இப்போது இருப்பதைவிட இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்த காலத்திலே, மஞ்சுக்கோடு என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் ரொம்பப் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மலை, மலைக்கு அடியிலே ஒரு ஊர், ஊருக்கு நடுவிலே ஒரு அரண்மனை, அவ்வளவுதான். மழை பெய்தால் அரண்மனையிலேயே ரெண்டு இடத்தில் ஒழுகும்.

அந்த ஊரின் கடைசி வீட்டில் சிலம்பாயி இருந்தாள். புருஷன் இருளப்பன் விறகு வெட்டுகிறவன். கைக்குழந்தை ஒன்று, பெண் பிள்ளை, மயிலு என்று பெயர். சிலம்பாயி எப்படி இருப்பாள் என்று கேட்டால், களைத்துப்போய் இருப்பாள். மூக்கும் முழியும் எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, போட்டோமா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்ப்பாள். சீப்பைத் தலையில் சொருகிக்கொண்டு வீடு பூராவும் சீப்பைத் தேடுவாள். ஏனென்றால் மயிலு தூங்குவதில்லை.

முன்பு நன்றாகத் தூங்குகிற பிள்ளைதான். ஒரு நாள் மத்தியானம் சிலம்பாயி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலையிலிருந்து மூடுபனி ஒன்று இறங்கி வந்தது. வெயில் நேரத்தில் இது என்ன பனி என்று அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள், அது வாசற்படி ஏறி, உள்ளே போய், தொட்டிலை ஒரு நக்கு நக்கிவிட்டு, வந்த வழியே போய்விட்டது. போகும்போது அதன் கையில் பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. அதுதான் மயிலுவின் தூக்கம்.

அன்றைக்குத் திறந்த கண்ணைப் பிள்ளை மூடவே இல்லை. தொட்டில் ஆடியது. கை ஆட்டியது. கண் மூடவில்லை.

அழுதால்கூடப் பரவாயில்லை. மயிலு அழவும் இல்லை. இருந்த இருப்பில் கனம் குறைந்துகொண்டே வந்தாள். தூக்கம்தான் பிள்ளைகளுக்குக் கனம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பூசணிக்காய் கனம் இருந்த பிள்ளை சுரைக்குடுக்கை கனம் ஆனாள். அப்புறம் முறத்தின் கனம் ஆனாள். அப்புறம் ஒரு காலையில் சிலம்பாயி தொட்டிலைப் பார்த்தால் உள்ளே பிள்ளை இல்லை. மேலே பார்த்தால், உத்தரத்தில் முதுகு இடிக்க மிதந்துகொண்டு, அம்மாவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரிக்கிறாள்.

இருளப்பன் முக்காலி போட்டு ஏறிப் பிள்ளையை இறக்கினான். அதிலிருந்து இடுப்பில் ஒரு துணியைச் சுற்றித் தொட்டிலோடு கட்டிவைத்தார்கள். தொட்டிலே எழும்பப் பார்த்ததால், அதன் கீழே அம்மிக்குழவியைத் தொங்கவிட்டார்கள். அந்த வீட்டில் மட்டுமில்லை, மூடுபனி நுழைந்த எல்லா வீட்டிலும் இதே கதைதான். அரண்மனையில் இளவரசனைப் பட்டுக்கயிற்றால் சிம்மாசனத்தின் காலில் கட்டியிருந்தார்கள். ராணி கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பால் கொடுப்பதாகப் பேச்சு.

இந்த வேலையைச் செய்தவன் இமையிலி என்கிற மாயக்காரன். மலையின் தலையில் இருந்தான். மாயக்காரர்களுக்குள்ளே ஒரு சட்டம் உண்டு: மாயத்தைக் கட்டினவன் அதை அவிழ்க்கிற வழியையும் சொல்லியாக வேண்டும். அதனால் அவன் பனியாக இறங்கி அரண்மனை முற்றத்தில் நின்றான். ஊரே கூடியிருந்தது.

“மலைத்தலையில கண்வளர்த்திப் பூ இருக்கு. மஞ்சள் பூ, உங்களுக்குத் தெரிஞ்ச பூதான். அதைப் பிள்ளையோட தலைமாட்டுல வெச்சா போன தூக்கம் திரும்பி வரும். பூவெல்லாம் பஞ்சாகிப் பறக்கிற அன்னிக்குப் பிள்ளைகளும் பறந்திடும். சொல்லிட்டேன்.”

ராசா கோபமாக என்னென்னவோ கேட்டார். அதற்குள் பனி கலைந்துவிட்டது. ஆனால் அந்தக் குரலில் திமிர் இல்லை, அலுப்புதான் இருந்தது என்று சிலம்பாயிக்குப் பட்டது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள்.

கண்வளர்த்தியைத் தெரியாதவர் அந்த நாட்டில் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தரம் மலையம்மாவுக்குப் பூச்சாத்து நடக்கும். அப்போது மலையேறி அந்தப் பூவைத்தான் பறித்து வருவார்கள். நடுவிலே மஞ்சள் பொட்டு, சுற்றிலும் மஞ்சள் இதழ், சின்னதாக வரைந்த சூரியன் மாதிரி இருக்கும். பறிப்பதற்கு ஒரு முறை உண்டு. கழுத்துக்கு மேலே நகத்தால் கிள்ளிப் பூவை மட்டும் எடுக்க வேண்டும். இலை மலையம்மாவின் முந்தானை. அதில் கை பட்டால் அவளுக்கு வலிக்கும். அதனால் செடியைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பூவின் முகம் எல்லாருக்கும் தெரியும். முகத்துக்குக் கீழே யாருக்கும் எதுவும் தெரியாது.

இருளப்பன்தான் முதலில் போனான். “நீ பிள்ளையப் பிடிச்சுக்க, புள்ள. பொழுது சாயறதுக்குள்ள வந்திடுறேன்” என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். துண்டு நிறையப் பூவோடு வந்தான். முழங்கால் ரெண்டும் சிராய்ந்திருந்தது. பூவைப் பரப்பித் தலைமாட்டில் வைத்தார்கள். மயிலு ஒரு தும்மல் தும்மினாள். அடுத்தடுத்துத் தும்மினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. சிலம்பாயிக்கும் கொட்டியது, இருளப்பனுக்கும் கொட்டியது. மூன்று பேரும் உட்கார்ந்து அழுதார்களே தவிரத் தூக்கம் வரவில்லை.

தொட்டில் ஆடியது. கை ஆட்டியது. கண் மூடவில்லை.

அப்புறம் ராசாவின் ஆட்கள் போனார்கள். சேவகர்கள் செய்தால் எதையும் நிறையச் செய்வார்கள் இல்லையா. வண்டி வண்டியாகப் பூவைக் கிள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்கு ஒரு கூடை கொட்டினார்கள். வாசம் ஊரெல்லாம் பரவியது. தாய்மார்கள் பிள்ளைகளைத் தொட்டிலில் கட்டிப் போட்டுவிட்டு, அப்பாடா, இனிக் கவலையில்லை என்று முதுகைத் தரையில் சாய்த்தார்கள். சாய்த்தவர்கள் சாய்த்தவர்கள்தான். கூடையைக் கொட்டின சேவகன் கூடையின் மேலேயே படுத்துவிட்டான். இருளப்பன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவின விரலோடு தெருமுனைச் சுவரில் சாய்ந்து மயங்கிப்போனான். ராசா கொட்டாவி விட்ட வாயை மூடவில்லை. ஊர் முழுக்க மயங்கிக் கிடந்தது. பிள்ளைகள் மட்டும் முழித்துக்கொண்டு கிடந்தன.

இன்னொருத்தியும் முழித்திருந்தாள். மயிலு தொட்டிலுக்குப் போகமாட்டேன் என்று சேலையைப் பிடித்துக்கொண்டதால், சிலம்பாயி அவளைக் கையில்தான் வைத்திருந்தாள். தூங்காத பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவளை அந்தப் பூவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவள் புருஷனை உலுக்கிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. எல்லாரும் படுத்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அப்படியே அந்தச் சேவகன் பக்கத்தில் கிடந்த சாக்கில் தலையை வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. வீடு வீடாகப் போய், ஒவ்வொரு தொட்டிலிலும் பிள்ளையைக் கட்டின முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். தளர்ந்ததை இறுக்கினாள். காய்ந்த வாய்க்கெல்லாம் கொஞ்சம் பால் தொட்டுவைத்தாள். அரண்மனைக்குள் அதற்கு முன்னால் அவள் போனதே இல்லை. உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. தூங்குகிற ராணியைத் தாண்டிப் போய், இளவரசனின் பட்டுக்கயிறு வழுக்குகிறதென்று அதற்கு மேலே தன் பழைய சேலைக் கிழிசலால் இன்னொரு கட்டுப் போட்டாள்.

அப்புறம் மயிலுவை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினாள். போகத்தான் வேண்டும் என்று பெரிசாக முடிவு எடுத்தெல்லாம் போகவில்லை. போக வேறு ஆள் இல்லை.

கால் கெஞ்சியது. முதுகில் பிள்ளை பாரமாக இருந்தால்கூட ஒரு நிம்மதி இருந்திருக்கும். மயிலு பாரமாக இல்லை. காற்று அடிக்கிறபோதெல்லாம் பட்டம் மாதிரி மேலே எழும்பித் துணியை இழுத்தாள். மரங்கள் குட்டையாகி, புதராகி, புதரும் போய், புல்லும் பாறையும் மட்டும் இருந்த இடம் வந்தது. அங்கே பாறை விளிம்பில் ஒரு வரையாட்டுக் கிடா நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. கொம்பு பின்னால் வளைந்து, தாடையில் ரோமம் தொங்க, ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

“வந்துட்டாளா அடுத்தவ” என்றது கிடா. “கிள்ளு, தாயி, கிள்ளு. அத்தனை வண்டி போனதுல மிச்சம் இன்னும் இருக்கு.”

ஆடு பேசுகிறதே என்று ஆச்சரியப்படச் சிலம்பாயிக்குத் தெம்பு இல்லை. பாறையில் உட்கார்ந்து, ஊரில் நடந்ததைச் சொன்னாள். அதே பூவை வைத்தால் ஒரு தரம் அழுகை வந்தது, ஒரு தரம் மயக்கம் வந்தது, எங்கே தப்பு என்று தெரியவில்லை என்றாள்.

கிடா அசை போடுவதை நிறுத்தியது. அதே பூ என்று யார் சொன்னது என்று கேட்டது. அங்கே ஒரு பூ இல்லை, மூன்று பூ. மூன்றும் அக்காள் தங்கச்சி மாதிரி, முகம் அச்சு அசல் ஒன்றுதான். ஒன்று கண்கலக்கி, தின்றால் தும்மல் வரும். ஒன்று கண்மயக்கி, தின்றால் தலை சுற்றும். கண்வளர்த்தியை மட்டும் எந்த வரையாடும் வாயில் வைக்காது.

“ஏன் சாமி?”

“விளிம்புல நிக்கிறவன் தூங்கலாமா? விழுந்தா அள்ள யாரு வருவா, நீ வருவியா?”

அப்படியானால் அதைக் காட்டிக் கொடுக்கச் சொல்லி அவள் கெஞ்சினாள். கிடா கொஞ்ச நேரம் யோசித்தது. எங்களுக்கு வாய் வைத்தால் தெரியும், வாய்க்குத் தெரிந்ததை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றது. கடைசியில், தன்னால் முடிந்தது வழி காட்டுவதுதான் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தது. செங்குத்தான இடங்களில் நின்று, தன் பின்னங்காலை அவள் பிடித்துக்கொள்ள விட்டது. அவள் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், “காலு, தாயி, அது காலு. வேர் இல்ல” என்று முனகியது.

மலைத்தலையில் ஒரு பக்கம் பனிக்கட்டி கிடந்தது. அதற்குக் கீழே சரிவு முழுக்க மஞ்சள். கண் கூசுகிற மஞ்சள். ஆனால் இங்கே ஒன்று அங்கே ஒன்றாகச் சில பூக்கள் நரைத்துப் பஞ்சாகத் தொடங்கியிருந்தன. சிலம்பாயி அதைப் பார்த்ததும் முதுகுத் துணியில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

அவள் சரிவில் கால் வைத்தாளோ இல்லையோ, பூக்கள் கூவிக் கூப்பிட ஆரம்பித்தன. சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர்கள் மாதிரிதான்.

“இங்க வா தாயி, நான்தான் கண்வளர்த்தி.”

“அவ பேச்சக் கேக்காத. அவ தும்மல்காரி. நான்தான் உண்மையானவ.”

“இவ மூஞ்சியப் பாரு, இவளா உண்மையானவ? என்னைக் கிள்ளு. பிஞ்சுப் பிள்ள, பாவம், என்னைக் கிள்ளு.”

சிலம்பாயி ஒன்றைக் கிள்ளினாள். இன்னொன்றைக் கிள்ளினாள். வேறொன்றையும் கிள்ளினாள். மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இதழ் ஒன்றுபோல, பொட்டு ஒன்றுபோல, வாசம் ஒன்றுபோல. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். கையில் மூன்று சின்னச் சூரியன்தான் இருந்தது.

அப்போது பனி வந்தது. வந்து, அவளுக்கு எதிரில் ஒரு ஆளாக நின்றது. ஒல்லியான, உயரமான ஆள். முகத்தில் ரெண்டு கண் அகலத் திறந்திருந்தது. மூடுவதற்கு இமை இல்லை. அவன்தான் இமையிலி.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயப்படவும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும் போலிருக்கிறது. என் பிள்ளையின் தூக்கத்தைக் கொடு என்று கேட்டாள்.

இமையிலி ஒரு பேரம் சொன்னான். அவள் தன்னுடைய தூக்கத்தைத் தந்தால், பிள்ளையின் தூக்கத்தை அந்த இடத்திலேயே தருவானாம். பெரிய ஆளின் தூக்கம்தான் அவனுக்குப் பொருந்துமாம், ஆனால் அது உடையவர் தானாகத் தந்தால்தான் கைக்கு வருமாம்.

“என்கிட்ட ஏதுங்க தூக்கம்? இருந்தா தேடி எடுத்துக்கங்க.”

அவன் கையை நீட்டி அவள் கண்ணுக்குள் தேடினான். நெற்றியில் தேடினான். தோளில், முழங்காலில், உள்ளங்காலில்கூடத் தேடினான். துளிகூடக் கிடைக்கவில்லை. கையை உதறிவிட்டு, பக்கத்தில் இருந்த கல்லில் தொப்பென்று உட்கார்ந்தான். இப்படி ஒரு காலியான வீட்டை நான் பார்த்ததே இல்லை என்றான்.

சிலம்பாயியும் உட்கார்ந்தாள். ஒரு மாயக்காரனும் ஒரு விறகுவெட்டி பெண்சாதியும், வேலை முடிந்து கூலிக்குக் காத்திருக்கிற ரெண்டு பேர் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கிடா தள்ளி நின்று பார்த்தது. இத்தனை பிள்ளைகளின் தூக்கத்தை எடுத்து நீ என்னதான் செய்கிறாய் என்று அவள் கேட்டாள்.

போட்டுப் பார்க்கிறேன் என்றான் இமையிலி. அவன் தூங்கி யுகம் ஆகிறதாம். ஒவ்வொரு பிள்ளையின் தூக்கத்தையும் எடுத்து முகத்தில் போர்த்திப் பார்ப்பானாம். தொட்டில் துணியைப் பெரிய ஆள் போர்த்தினால் எப்படி, ஒரு கண்ணை மூடினால் ஒரு கண் வெளியே தெரியும். ஒன்றும் போதவில்லையாம்.

“கண்வளர்த்தி உங்க வாசல்லயே இருக்கே. அதை வெச்சுக்கிட்டுத் தூங்க வேண்டியதுதானே?”

அவன் சரிவைக் கை காட்டினான்.

“அது என் பூ. யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு, அதே மாதிரி ரெண்டு பொய்ப் பூவை நான்தான் உண்டாக்கினேன். முகத்தை அப்படியே வார்த்துட்டேன். நல்லா வந்துடுச்சு. ரொம்ப நல்லா வந்துடுச்சு. இப்ப எது எதுன்னு எனக்கே தெரியல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் வரும் போல இருந்ததால் அடக்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் தேடிப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். தினம் பார்க்கிறேன், பனியாகி மேலே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன் என்றான் அவன். மேலே நின்று பார்ப்பதில் ஊர்க்காரர்களுக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

காற்று திரும்பியது. சரிவின் ஓரத்தில் ஒரு பூ பஞ்சாக உடைந்து எழும்பியது. அதோடு சேர்ந்து மயிலுவும் எழும்பினாள். முதுகுக் கட்டு சரசரவென்று நழுவிற்று. சிலம்பாயி பாய்ந்து பிள்ளையின் காலைப் பிடித்தாள். இழுத்துக் கீழே கொண்டுவந்து, துணியின் ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டினாள். நிற்கலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. உட்காரலாம் என்று பார்த்தாள். அதுவும் முடியவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, அப்படியே பூக்களுக்கு நடுவில் ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். கன்னம் ஈர மண்ணில் பட்டது. ஜில்லென்று இருந்தது.

கண் மட்டும் திறந்திருந்தது. கண்ணுக்கு எதிரே பூ இல்லை. தண்டுகள் இருந்தன.

அவள் ஊரில் பிறந்த யாரும் அதுவரை பார்க்காத இடம் அது. மேலே மஞ்சள் கூரை போட்ட மாதிரி வெளிச்சம், கீழே பச்சைத் தூண்களாகத் தண்டு. அவள் எதையும் தேடவில்லை. தேடுகிற தெம்பு போய்விட்டது. கண் எதிரே இருந்ததை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த தண்டில் இலை நீளக் காம்பு போட்டு, தண்டைவிட்டு எட்ட நின்றது. சண்டை போட்ட ஓரகத்தி மாதிரி. அதற்கு அடுத்த தண்டில் இலை ஒல்லியாக, வழவழவென்று, யாரையும் கண்டுகொள்ளாமல் மேலே பார்த்து நின்றது. இந்த ரெண்டும்தான் அங்கே நிறைய இருந்தன. அவை இரண்டின் தலையும்தான் மேலே கூவிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு தண்டு. அதன் இலைக்குக் காம்பே இல்லை. இலையின் அடி ரெண்டு பக்கமும் விரிந்து தண்டைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. மேலெல்லாம் மெல்லிசாகப் பூனைமயிர். அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் தன் கழுத்தைப் பார்த்தாள். மயிலுவின் கை ரெண்டும் அவள் கழுத்தைச் சுற்றி அதே மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன.

காதைக் கொடுத்துக் கேட்டாள். அந்தத் தண்டின் பூ மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் கூப்பிட்ட பூவைத்தான் கிள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

கையை நீட்டினாள். இலைக்குப் பக்கத்தில் போனதும் கை தயங்கியது. பிறந்ததிலிருந்து தொடக் கூடாது என்று கேட்டு வளர்ந்த இலை. “வலிச்சாப் பொறுத்துக்கம்மா” என்று மலையிடம் சொன்னாள். “எனக்கும்தான் உடம்பெல்லாம் வலிக்குது.” சொல்லிவிட்டு, இலையும் தண்டுமாகச் சேர்த்து, பிடித்த பிடி விடாமல், அடியில் கிள்ளி எடுத்தாள். மலை ஒன்றும் சொல்லவில்லை. மேலே கூவிக்கொண்டிருந்த பூக்கள்தான் கப்பென்று வாயை மூடின.

பூவைப் பிள்ளையின் தலைமாட்டில், புல்லில் வைத்தாள்.

மயிலு பூவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பொக்கை வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். சின்னக் கொட்டாவிதான். பிள்ளையின் இமை பாதி இறங்கியது. நின்றது. திரும்பவும் ஏறப் பார்த்தது. அப்புறம் இறங்கியே விட்டது.

தொட்டில் இல்லை. ஆட்டக் கையில் தெம்பும் இல்லை. கண் மூடியது.

இமையிலி கல்லிலிருந்து எழுந்து வந்து, குனியாமல், எட்ட நின்று பார்த்தான். தானும் ஒரு பூவை எடுத்துக்கொள்ளட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. இமை இல்லாத கண்ணால் அந்தப் பிள்ளையின் மூடின கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன்மேல் அவளுக்குக் கோபம் நிறைய இருந்தது. எத்தனை தாய்மார் முதுகு ஒடிந்தது இவனால். ஆனால் தூக்கமில்லாமல் நிற்கிறவன் எப்படி நிற்பான் என்று அவளுக்குத் தெரியும். படுத்தபடியே கையை நீட்டி, எட்டின தூரத்தில் இருந்த இன்னொரு கண்வளர்த்தியை இலையோடு கிள்ளி, அவனிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. நீங்களும் படுங்க. பிள்ளைகளோடத மட்டும் திருப்பிக் குடுத்திருங்க.”

அவன் வாங்கினான். புல்லில் உட்கார்ந்தான், படுத்தான், பூவைத் தலைக்கு அடியில் வைத்தான். அவன் கண்ணுக்கு மேலே, மொட்டு விரிகிற மாதிரி மெல்ல, ரெண்டு இமை முளைத்து வந்து மூடியது. மூடினதும் அவன் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு உருண்டைகள் புறப்பட்டன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சரிவில் உருண்டு, பாறையைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, அதது அதன் வீட்டைப் பார்த்துப் போயிற்று. ஒரு உருண்டை மட்டும் எங்கும் போகாமல் மயிலுவின் பக்கத்தில் வந்து கரைந்தது.

அப்போது பெரிய காற்று அடித்தது. சரிவில் இருந்த நரைத்த பூக்கள் எல்லாம் பஞ்சாக எழும்பின. வானமே வெள்ளையாயிற்று. சிலம்பாயி பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்திருக்க வேண்டியதில்லை. மயிலு அசையவில்லை. கைமேல் பூசணிக்காய் மாதிரி கிடந்தாள்.

பொய்ப் பூவை உண்டாக்கினவன் தூங்கினதும் அந்தப் பூவின் மயக்கமும் தெளிந்தது. ஊரில் ராசா கொட்டாவியை முடித்து எழுந்தார். சேவகன் கூடையிலிருந்து இறங்கினான். தாய்மார்கள் பதறித் தொட்டிலைப் பார்த்தால், பிள்ளைகள் வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தன. ராணி இளவரசனின் இடுப்பில் இருந்த சேலைக் கிழிசலைப் பார்த்தாள். இது யார் கட்டின கட்டு என்று ஊரெல்லாம் கேட்டாள். தன் பெண்சாதியின் சேலையை இருளப்பனுக்குத் தெரியாதா? வீட்டுக்கு ஓடினான். தொட்டில் காலியாக இருந்தது. அவன் அப்படியே மலையைப் பார்த்து ஓட, ராசாவும் ராணியும் ஊரும் பின்னால் ஓடின.

மேலே போய்ப் பார்த்தால், தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள். தள்ளி ஒரு ஒல்லி ஆள் குறட்டை விடுகிறான். நடுவிலே வரையாட்டுக் கிடா காவல் நிற்கிறது. ராசா மூச்சு வாங்கிக்கொண்டே, இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும், வீடா, மாடா, எதுவானாலும் கேட்கச் சொல் என்று இருளப்பனிடம் ஆரம்பித்தார். கிடா ராசாவின் பக்கம் கொம்பைத் திருப்பியது.

“மெதுவாப் பேசு. இப்பதான் தூங்கினா.”

ராசா வாயை மூடிக்கொண்டார். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். ராணி தன் பட்டுச் சால்வையை எடுத்து இருவர்மேலும் போர்த்தினாள். ஊரே உட்கார்ந்தது. இருமல் வந்தவர்கள் எழுந்து தூரமாகப் போய் இருமிவிட்டு வந்தார்கள். இமையிலி அதற்கப்புறம் யாருடைய தூக்கத்துக்கும் வரவில்லை. அவன் இன்னும்கூட எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். பொய்த் தங்கைகள் ரெண்டும் வாய் பேசாத வெறும் பூவாக இன்றைக்கும் அங்கே பூக்கின்றன. யாரும் அவற்றைப் பிடுங்கி எறியவில்லை. மஞ்சுக்கோட்டுக்காரர்கள் குனிந்து பார்த்துப் பறிக்கப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வீடும் மாடும் அப்புறம் வந்தது. அதைவிடப் பெரிசாக ராசா ஒரு கட்டளை போட்டார். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கண் அயர்ந்தால், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, அது ராசாவே ஆனாலும், தொட்டில் கயிற்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிலம்பாயி முழித்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சுற்றிலும் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதை அவள் உடனே பார்க்கவில்லை. முதலில் அவளுக்குத் தெரிந்தது வலது கைதான். மயிலுவின் தலை அதன்மேல் இருந்தது. கை தோள் வரைக்கும் மரத்துப்போய், எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. அத்தனை கனம்.

இருளப்பன் குனிந்து, பிள்ளையைத் தான் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான்.

“வேணாங்க. இருக்கட்டும்” என்றாள் அவள். கையை எடுக்காமல், திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் தூங்கிவிட்டாள், பிள்ளை தூங்கிவிட்டது, மலையும் தூங்கிவிட்டது. இனிக் கதைக்கு மட்டும் என்ன முழிப்பு, அதுவும் தூங்கட்டும்.